ஒன்பது ஏ மட்டும்தான் திறமையா?

சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த சில நாட்களிலேயே ஹட்டனிலிருந்து தலவாக்கலை வரைக்கும் வீதியோரத்தில் பதாகைகள் ஏறிவிடும். இடையில் இருக்கும் கொட்டகலையும் அதற்கு விலக்கல்ல. மேலே தனியார் வகுப்பின் பெயர், நடுவில் வெள்ளைச் சீருடையில் பிள்ளைகளின் படங்கள், கீழே கொட்டை எழுத்தில் 9ஏ, 8ஏ 1பி. அந்தப் பிள்ளைகள் உழைத்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் அதைவிட உழைத்திருக்கிறார்கள். மனதாரப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் படங்களைக் காட்டிப் பேசப்படுகிற ஒரு நியாயம் இருக்கிறதே, அதை ஏற்க முடியாது. "எல்லாருக்கும் ஒரே பேப்பர்தானே? இந்தப் புள்ளைக்கு முடிஞ்சது மத்தப் புள்ளைக்கு ஏன் முடியல? புலமைப்பரிசில் குடுக்கிறதுன்னா புள்ளி எடுத்தவனுக்குக் குடுங்க, மத்ததெல்லாம் சலுகை."

பரிசளிப்பு விழா மேடையில் பிரதம அதிதி இதைச் சொல்கிறார். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு உதவ வரும் நலன்விரும்பி சொல்கிறார். லயத்தில் பிறந்து, படித்து, உத்தியோகத்துக்குப் போனவரும் சொல்கிறார். அவர் சொல்லும்போது அதற்குக் கனம் கூடிவிடுகிறது. புள்ளி பொய் சொல்லாது, புள்ளிதான் திறமை, திறமைக்குத்தான் பணம் என்ற இந்த மூன்று வரி நியாயம் மலையகத்தில் கிட்டத்தட்ட எல்லாராலும் ஏற்கப்பட்டுவிட்டது. இந்த மூன்று வரியுமே பிழை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பரீட்சையே வேண்டாம் என்பது இங்கே வாதமல்ல. பரீட்சை இல்லாத இடத்தில் யாருடைய கடிதம் செல்லும், யாருடைய தொலைபேசி அழைப்பு வேலை செய்யும் என்பது இந்த மண்ணில் எல்லாருக்கும் தெரியும். செல்வாக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சுட்டெண் மட்டும் எழுதிய விடைத்தாள் பெரிய பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பை இழக்கக்கூடாது. கேள்வி வேறு: அந்த விடைத்தாளில் விழுந்த புள்ளியை யாருடைய புள்ளியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம்?

கொட்டகலையைச் சுற்றியுள்ள டிரேட்டன், மேபீல்ட், ஸ்டோனிகிளிப் போன்ற தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் தராசு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனாலும் எந்த மலையில் பறித்தது, எந்த மாதத்தில் பறித்தது என்று பார்க்காமல் நிறுவையை மட்டும் வைத்து ஒருத்தியின் கைவேகத்தை அனுபவமுள்ள எந்தக் கங்காணியும் முடிவுசெய்யமாட்டார். தளிர் பொங்கும் மலையும் கிழட்டுத் தேயிலை நிற்கும் மலையும் ஒன்றாகாது. மழை பெய்த மாதமும் வறட்சி மாதமும் ஒன்றாகாது. அதனால்தான் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, இத்தனை கிலோ என்ற கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. கொழுந்து இல்லாத மலையில் விட்டுவிட்டு 'அரைப் பேர்' போட்டால் அன்றைக்கே சண்டை வரும். தாயின் கொழுந்துக்குக் கிடைக்கிற இந்தக் குறைந்தபட்ச நியாயம் பிள்ளையின் விடைத்தாளுக்குக் கிடைப்பதில்லை.

அந்த விடைத்தாள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம்.

இலங்கையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைகள் அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1சி. 11ஆம் தரத்தோடு நிற்பவை இரண்டாம் வகை. கீழ் வகுப்புகளோடு முடிபவை மூன்றாம் வகை. தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பைத் தொடங்குவது இந்தக் கடைசி இரண்டு வகைகளில்தான். விஞ்ஞானத்துக்குப் பட்டதாரி ஆசிரியர் இல்லாத பாடசாலையும், ஆய்வுகூடம் என்ற பெயரில் பூட்டிய அறை மட்டும் உள்ள பாடசாலையும் இங்கே அதிசயமல்ல. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் வரும்வரை அந்தப் பாடவேளைக்கு யார் ஓய்வாக இருக்கிறாரோ அவர் வருவார். அந்த வகுப்புப் பிள்ளைக்கும் கண்டி நகரத்துத் தேசிய பாடசாலைப் பிள்ளைக்கும் ஒரே நாளில் ஒரே வினாத்தாள் கிடைக்கிறது. ஒரே வினாத்தாள் என்பது அவ்வளவுதான். அதற்கு முந்திய பதினொரு வருடங்கள் ஒன்றல்ல.

இந்த வித்தியாசம் நேற்று முளைத்ததுமல்ல. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனுக்கு வெளியே நின்றன. அவை துரைமாரின் நிர்வாகத்தில் இருந்தன. ஒரு கட்டடம், ஓர் ஆசிரியர், அரிச்சுவடியும் கூட்டல் கழித்தலும். மூன்று வருடம் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகள் இலவசக் கல்வியில் ஒரு தலைமுறை முன்னே போன பிறகு இந்தப் பிள்ளைகள் அரச வகுப்பறைக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். பாட்டனுக்கும் தகப்பனுக்கும் மறுக்கப்பட்ட முப்பது வருடம் எந்தப் பெறுபேற்றுத் தாளிலும் எழுதப்படுவதில்லை. ஆனால் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இருப்பதில் அது தெரியும்.

பின்னாளில் முயற்சிகள் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொட்டகலை பத்தனையில் ஜேர்மன் உதவியோடு எழுந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மலையகப் பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட ஆசிரியர்களைத் தந்தது. அதன் நன்மையை யாரும் மறுக்க முடியாது. அதே சமயம், 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்ப அரசு என்ன செய்தது? உயர்தரம் முடித்த இளைஞர், யுவதிகள் சுமார் 3,000 பேரை 'ஆசிரியர் உதவியாளர்' என்று பெயரிட்டு, மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் வகுப்புக்குள் அனுப்பியது. பயிற்சி அதற்குப் பிறகுதான். அந்தத் தொகையைப் 10,000 ஆக்குவதற்கே அவர்கள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் பலர் அரும்பாடுபட்டுக் கற்பித்தார்கள். ஆனால் கொழும்பு ரோயல் கல்லூரிக்கோ கண்டி மகாமாயாவுக்கோ ஒரு கணித ஆசிரியரை இப்படி அனுப்ப எந்த அமைச்சருக்காவது துணிவு வந்திருக்குமா?

இனி வீட்டுப் பக்கம். 11ஆம் தரத்துப் பிள்ளை ஒருத்தியின் ஒரு சாதாரண நாள் இது. அம்மா விடிந்ததும் வேலைக்கு ஆளெடுக்கும் பிரட்டுக்குப் போகிறாள். சின்னத் தங்கையைப் பிள்ளைக் காம்பராவில் விடுவதும், தம்பிக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பதும் இவள் பொறுப்பு. டிவிஷனிலிருந்து பெரிய ரோட்டுக்குக் குறுக்குப்பாதையில் இறங்கினால் அரைமணி நேரம். மழை பெய்தால் அட்டைக் கடியோடு இன்னும் கொஞ்சம். மாலையில் அதே பாதை மேல்நோக்கி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்து பேர், ஒரு தொலைக்காட்சி, ஒரு மின்குமிழ். ஹட்டனில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் வகுப்புக்குப் போகலாம்தான். ஆனால் 2021இல் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாவாக்கப்பட்ட நாட்சம்பளம் 2024இல் 1,350 ஆனது. அதுவும் முழுப் பேர் கிடைத்தால். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று மூன்று வகுப்புக்குக் காசு கட்டி, பஸ்ஸுக்கும் கொடுத்தால் வீட்டில் மாவு வாங்க என்ன மிஞ்சும்? இந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் நான்கு ஏ எடுத்தால் பதாகையில் இடம் கிடையாது. நகரத்தில் எட்டாம் வகுப்பிலிருந்தே எல்லாப் பாடத்துக்கும் வகுப்பு வைத்து ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்குப் படமும் உண்டு, பரிசும் உண்டு, புலமைப்பரிசிலும் உண்டு. இந்த இரண்டு பேரில் யாருடைய திறமை பெரியது என்று நேர்மையான ஓர் ஆசிரியரைக் கேட்டால் அவர் உடனே பதில் சொல்லத் தயங்குவார். பெறுபேற்றுத் தாளுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய கதையுமல்ல. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2023இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான சாட், ஏசிடி ஆகிய பொதுத் தேர்வுகளில் 1,300 அல்லது அதற்கு மேல், அல்லது அதற்கு இணையாக எடுப்பதற்கு, வருமானத்தின் உச்சியிலுள்ள ஒரு சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இருக்கிற வாய்ப்பு ஏழைக் குடும்பப் பிள்ளைகளைவிட 13 மடங்கு. பணக்காரப் பிள்ளைகள் 13 மடங்கு புத்திசாலிகளாகப் பிறக்கிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தமிழகத்தின் உதாரணம் இன்னும் கிட்டவானது, இன்னும் கசப்பானது. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017இல் பிளஸ் டூ பொதுத் தேர்வில் 1,200க்கு 1,176 எடுத்தார். அதே ஆண்டு மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வில் 720க்கு 86. ஒரே பிள்ளை, ஒரே ஆண்டு, இரண்டு தேர்வு. ஒன்று அவர் மருத்துவராகலாம் என்றது. மற்றது வாசலில் நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் வரை போராடியும் பயன் கிடைக்காமல், செப்டம்பர் 1ஆம் தேதி அவர் இறந்துபோனார். புள்ளி என்பது உள்ளே இருக்கும் அறிவின் அப்பட்டமான அளவு என்றால் இந்த இரண்டு எண்களில் எது உண்மை? இரண்டுமே உண்மைதான். ஒன்று அவர் படித்த பாடத்திட்டத்தை அளந்தது. மற்றது அவருடைய அப்பாவால் கட்ட முடியாத பயிற்சிக் கட்டணத்தையும் சேர்த்து அளந்தது.

புள்ளி பொய் சொல்லாது என்பவர்களுக்கு இலங்கையிலேயே வேறு பதிலும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாடத்துக்குப் பாடம் வினாத்தாளின் கடினம் மாறுவதால், சராசரியிலிருந்து ஒரு மாணவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்று பார்க்கும் முறை அது. நல்ல முறைதான். ஆனால் 2011 உயர்தரப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகக் கலந்து கணக்கிட்டதால் விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2012இல் நீதிமன்றம் அந்தக் கணக்கைச் செல்லாதென்று மறுகணக்கிடச் சொன்னது. பிள்ளைகள் எழுதிய விடைத்தாள் மாறவில்லை. புள்ளி மாறியது. இது பழைய கதை என்றால், 2024 செப்டம்பரில் நடந்த தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பாருங்கள். வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. அந்த ஆண்டின் கடைசி நாளில், கசிந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்கும்படி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சூழ்நிலையில் அது நியாயமான வழியாக இருக்கலாம். ஆனால் ஒரு புள்ளியில் பிள்ளை பாஸ், ஒரு புள்ளியில் பெயில் என்று வீட்டுக்கு வீடு அழுகிற ஒரு பரீட்சையில், மூன்று வினாவின் புள்ளி நீதிமன்றத்தில் முடிவாகிறது. அந்த வெட்டுப்புள்ளிக்கு ஒன்று மேலே நின்றவன் திறமைசாலி, ஒன்று கீழே நின்றவன் திறமையற்றவன் என்று அதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது?

தமிழர் மத்தியில் 'திறமை' என்ற பேச்சுக்கு இவ்வளவு மரியாதை ஏன் வந்தது என்பதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. அதை மதிக்காமல் இந்த மறுப்பை எழுத முடியாது. 1971இல் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவர் 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தபோது சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமாயிற்று. தரப்படுத்தல் என்று அது பெயர்பெற்றது. ஒரு தலைமுறையின் நெஞ்சில் விழுந்த அடி அது. நாட்டின் பின்னைய வரலாற்றையே திருப்பிய காரணங்களில் ஒன்று. அதனால் வெட்டுப்புள்ளியை யாருக்காவது குறைப்பது என்றாலே தமிழ் வாசகருக்கு அந்தப் பழைய காயம் நினைவுக்கு வருகிறது. புள்ளி ஒன்றே நியாயம் என்ற பிடிவாதம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

ஆனால் மொழியைப் பார்த்து ஒரு சாராருக்குத் தடையை உயர்த்துவதும், வசதியைப் பார்த்து இன்னொரு சாராருக்கு வழியைத் திறப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் இந்த விவாதத்தின் பெரிய குழப்பம். தரப்படுத்தலைத் தொடர்ந்து 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. மலையகத் தமிழருக்கு அதனால் என்ன கிடைத்தது? ஒதுக்கீடு மாவட்டத்தின் சனத்தொகையை வைத்துக் கணக்கிடப்பட்டது. தோட்ட மக்களும் அந்தத் தொகையில் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் அவர்களின் பிள்ளைகள் படித்த பாடசாலைகளில் உயர்தர வகுப்பே இல்லை. தலை எண்ணுவதற்கு இவர்கள் தேவைப்பட்டார்கள், இடங்கள் வேறு பிள்ளைகளுக்குப் போயின. ஆகவே மலையகம் ஒதுக்கீட்டால் வளர்ந்து கெட்டுப்போன சமூகம் என்று யாராவது பேசினால், அந்தப் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. மலையகப் பிள்ளை ஒதுக்கீட்டின் பயனை உண்மையில் தொடத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான்.

இன்றைய முறையில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பிரிகிறது. மிகுதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அவற்றில் ஒன்று. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். இங்கேதான் இன்னொரு அநியாயம் நடக்கிறது. வேறு மாவட்டத்தில் நல்ல பாடசாலையில் வளர்ந்த பிள்ளைகளை, வெட்டுப்புள்ளி குறைவு என்பதற்காக, உயர்தரத்துக்கு மட்டும் இந்த மாவட்டத்துப் பாடசாலையில் சேர்த்துப் பரீட்சை எழுத வைக்கிறார்கள். மலையகத்தில் வருடாவருடம் எழும் முறைப்பாடு இது. இதைக் காட்டித்தான் புள்ளி ஒன்றே போதும் என்பவர்கள், பார்த்தீர்களா, ஒதுக்கீடு வைத்தால் ஏமாற்றுத்தான் வரும், எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். வீட்டுக்குள் கள்ளன் நுழைந்தால் கதவைப் பூட்டுவதா, வீட்டையே இடிப்பதா?

பூட்டுகிற வழி உலகத்துக்குத் தெரியாததல்ல. அமெரிக்காவின் மிகப் பெயர்பெற்ற திறமைப் புலமைப்பரிசில், 1955இல் தொடங்கிய நேஷனல் மெரிட். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வின் புள்ளியை வைத்து ஆண்டுதோறும் சுமார் 16,000 பேரை அரையிறுதிக்குத் தெரிவுசெய்கிறார்கள். திறமைக்கு மட்டுமே என்று பெயரிலேயே பறைசாற்றும் அந்தப் பரிசிலுக்கு நாடு முழுவதற்கும் ஒரே வெட்டுப்புள்ளி என்று நினைத்தால் அது தவறு. மாநிலத்துக்கு மாநிலம் வெட்டுப்புள்ளி வேறு. நியூ ஜேர்சியில் தவறவிடுகிற புள்ளியில் வயோமிங்கில் தேறிவிடலாம். வெளிமாநிலப் பிள்ளைகள் நிறைந்த தங்குவிடுதிப் பள்ளிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் விதியோ இன்னும் கவனிக்க வேண்டியது: அந்தப் பிராந்தியத்தில் எந்த மாநிலத்தின் வெட்டுப்புள்ளி மிக உயர்ந்ததோ, அதுவே அந்தப் பள்ளிக்கும். குறைந்த வெட்டுப்புள்ளியைத் தேடி இடம் பெயர்கிறவருக்கு அங்கே பயன் கிடைக்காது. மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கியவருக்கான இரக்கம் என்று கருதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திறமையை நாடு முழுக்கத் தேட விரும்புகிறவர்கள் தாமாகவே எல்லைகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். தமிழகத்தின் ஊரகத் திறனாய்வுத் தேர்வும் அப்படித்தான்: மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர்.

அடுத்து, சாதனைக் கதைகள். தோட்டத்துப் பாடசாலையிலிருந்து மருத்துவ பீடம் போன பிள்ளை, கொழுந்துக்கூடையோடு நின்று படித்து எந்திரியான பையன் என்று பத்திரிகையில் வரும் செய்திகளைக் காட்டி, "மனம் இருந்தால் முடியும்" என்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் போற்றத்தக்கவர்கள். ஆனால் அவர்கள் செய்தியாவது ஏன்? கொழும்பு ரோயல் கல்லூரியிலிருந்து ஒரு பிள்ளை மருத்துவ பீடம் போனால் அது செய்தியாவதில்லை. அங்கே அது வழக்கம், இங்கே அது அபூர்வம். அபூர்வத்தைக் காட்டி வழி திறந்திருக்கிறது என்று வாதிடக் கூடாது. ஒருவர் நீந்திக் கரையேறியதற்காகப் பாலம் கட்டாமல் விடலாமா? அதைவிட மோசமானது, இந்தக் கதைகள் தோற்ற பிள்ளையின் தலையில் பழியைச் சுமத்துவது. கணிதத்தில் எஸ் எடுக்க முடியாமல் போன பிள்ளைக்கு இரண்டு வருடம் கணித ஆசிரியர் இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. "அவனுக்குப் படிப்பு ஏறல" என்று ஒரு வரியில் முடித்து, கொழும்பில் கடைவேலைக்கு அனுப்பிவிடுகிறோம்.

தரம் தாழ்ந்துவிடும் என்ற பயமும் உண்டு. குறைந்த புள்ளியோடு உள்ளே எடுத்தால் பல்கலைக்கழகத்தில் தாக்குப்பிடிப்பார்களா? இதற்கு ஊகத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை, செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாநிலத்தின் எந்த மூலையிலுள்ள உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும் சரி, அந்தப் பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்த மாணவருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. பருத்திக்காட்டு ஊர்ப் பள்ளியும் ஹூஸ்டன் நகரத்துப் பள்ளியும் தத்தம் பிள்ளைகளை அனுப்பின. தரம் தாழ்ந்துவிடும் என்ற கூச்சல் அங்கேயும் எழுந்தது. ஒஸ்ரினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் தன் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பள்ளியில் முதல் பத்து சதவீதத்தில் வந்தவர்கள், சாட் தேர்வில் தம்மைவிடக் கூடுதல் புள்ளியோடு வேறு வழியில் வந்தவர்களைவிடப் பல்கலைக்கழகப் பாடங்களில் நல்ல சராசரி பெற்றார்கள். தன் பாடசாலையில் முதலாவதாக வந்த பிள்ளைக்குப் படிக்கும் பழக்கம் இருக்கிறது, பிடிவாதம் இருக்கிறது. புத்தகமும் ஆசிரியரும் கிடைத்தால் அது முன்னே வந்துவிடுகிறது.

தமிழகத்தில் நீதிபதி பொ. கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பின், 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்திய நீட் ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் இடம் கிடைத்தது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கு மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். வகுப்புக்குள் நுழைந்தார்கள். அவர்களும் மற்ற மாணவர்கள் எழுதும் அதே பல்கலைக்கழகப் பரீட்சையை எழுதித்தான் மருத்துவராக வேண்டும். நோயாளியின் முன் நிற்பதற்கு முன்னுள்ள வாசலில் யாருக்கும் சலுகை கிடையாது.

இனிப் பணத்துக்கு வருவோம். புலமைப்பரிசில் என்று இலங்கையில் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது மகாபொல. லலித் அத்துலத்முதலி 1981இல் தொடங்கிய அந்த நிதியம் எத்தனையோ ஏழைப் பட்டதாரிகளை உருவாக்கியது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதன் மாதத் தொகை 5,000இலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது நல்ல செய்தி. ஆனால் மகாபொல கிடைப்பது பல்கலைக்கழகத்துக்குள் போன பிறகு. தோட்டத்துப் பிள்ளை விழுந்துபோவது அதற்கு வெகு முன்னால், சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடையில். விஞ்ஞானம் படிக்க ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போக வேண்டும், அறை எடுக்க வேண்டும் அல்லது தினமும் பஸ் ஏற வேண்டும், அதற்குக் காசில்லை. அந்த இடைவெளியில் பையன் கொழும்புக்குப் போகிறான், பெண் பிள்ளை ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள்.

அந்த இடத்தில் கைகொடுத்த திட்டம் ஜனாதிபதி நிதியத்தின் உயர்தரப் புலமைப்பரிசில். 2022/23இல் அது தொடங்கியபோது குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபா, 24 மாதம் வரை என்று ஏற்பாடு. இதில் பாராட்ட வேண்டிய முக்கியமான அம்சம், தெரிவு முழு நாட்டுக்கும் ஒன்றாக நடக்கவில்லை. ஒவ்வொரு கல்வி வலயத்துக்கும் 30 பேர் என்று பிரிக்கப்பட்டது. கொழும்பு வலயத்தோடு ஹட்டன் வலயம் போட்டியிடத் தேவையில்லை. புள்ளியை யாரோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு அரசு கொடுத்த நல்ல பதில் அது.

ஆனால் அது பாதிவழியிலேயே நின்றுவிட்டது. ஒரு வலயத்துக்குள்ளேயே ஹட்டன் நகரப் பாடசாலையும் இருக்கிறது. பெரிய ரோட்டிலிருந்து ஆறு மைல் உள்ளே, மலை உச்சி டிவிஷனில் இருக்கிற பாடசாலையும் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளும் வறியவர்கள்தான், ஆனால் ஒரு பிள்ளைக்கு நல்ல பாடசாலை இருந்தது. இரண்டாவது குறை, முதல் தடவையிலேயே சித்தியடைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஆசிரியர் இல்லாத பாடசாலையில் கணிதம் தவறி, அடுத்த வருடம் தானே படித்து எழுதிச் சித்தியடைந்த பிள்ளைக்கு விண்ணப்பிக்கவே உரிமை இல்லை. அந்த இரண்டாம் தடவைச் சித்திக்குப் பின்னால் இருக்கிற பிடிவாதத்தைவிட உயர்தரத்துக்கு வேண்டிய தகுதி வேறென்ன?

செய்ய வேண்டியது கடினமானதல்ல. வலயத்துக்குள் 11ஆம் தரம் உள்ள ஒவ்வொரு பாடசாலையிலும், உயர்தரத்துக்குத் தகுதிபெற்றவர்களில் முதலிடம் பெறும் வறிய பிள்ளைக்கு ஓர் இடம் முதலில் ஒதுக்கப்பட வேண்டும். மிகுதி இடங்களுக்கு வலயத் தரவரிசையைப் பார்க்கலாம். இடம் போதாத வலயத்தில் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். கணிதத்தையோ விஞ்ஞானத்தையோ இரண்டாம் தடவையில் வென்ற பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பாடங்களுக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இருந்தார் என்று அதிபர் கையெழுத்திட்டு எழுத ஒரு வரி வேண்டும். அந்த ஒரு வரி புலமைப்பரிசிலுக்கு உதவுவதோடு, வெற்றிடம் எங்கே என்பதைக் கல்வி அமைச்சுக்கும் வருடாவருடம் காட்டிக்கொடுக்கும்.

அரசு மட்டுமல்ல. கோயில் நிர்வாகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், லண்டனிலும் டொரன்டோவிலும் இருந்து காசு அனுப்புகிறவர்கள் எல்லாரும் 9ஏ எடுத்த பிள்ளைக்கே மீண்டும் மீண்டும் கேடயமும் காசோலையும் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை எப்படியும் படித்துவிடும். அதே பணத்தைக் கொட்டகலைப் பகுதியில் ஐந்து தோட்டப் பாடசாலைகளுக்குப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதலாவதாக வந்த பிள்ளையின் இரண்டு வருட பஸ் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் கொடுத்தால், படிப்பை விடவிருந்த ஐந்து பேர் உயர்தர வகுப்பில் இருப்பார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்தைச் சிதைத்தபோது உயர்தரப் பரீட்சை நடுவிலேயே நிறுத்தப்பட்டது. மண்சரிவில் வீடும் புத்தகமும் இழந்த பிள்ளைகளும் மிகுதி வினாத்தாள்களை 2026 ஜனவரியில் எழுதினார்கள். அவர்களின் பெறுபேறும், நுளம்புகூட நுழையாத அறையில் படித்த பிள்ளையின் பெறுபேறும் ஒரே பட்டியலில்தான். அந்தப் பட்டியலைப் பார்த்துப் பணம் ஒதுக்குகிறவர்கள் பாடசாலைவாரியாக அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜனாதிபதி நிதியம் அடுத்த விண்ணப்ப அறிவித்தலை வெளியிடுமுன் மலையக நாடாளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் பாடசாலை அதிபர்களும் இந்த மாற்றங்களை எழுத்தில் கேட்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் இதைத் தொடங்குவதற்குப் புதிய பரீட்சை எதுவும் தேவையில்லை. சாதாரண தரப் பெறுபேறு ஏற்கெனவே பாடசாலைவாரியாக வலயக் கல்விப் பணிமனைகளின் கையில் இருக்கிறது.